நீண்ட உரை, சிறிய செல்: ஐந்து வழிகளில் எதைப் பிடிப்பது?

"இந்தப் பழுதுக்கு நாங்கள் பொறுப்பு அல்ல." ஒரு புகார்ப் பதிவின் கடைசி வாக்கியம் இது. டேட்டாபேஸிலிருந்து எடுத்து எக்செலில் போட்டுக் கொடுத்த கோப்பில் அது "இந்தப் பழுதுக்கு நாங்கள் பொறுப்பு" என்று முடிந்திருந்தது. படித்தவர் போன் செய்து, "அப்போ பொறுப்பை ஏத்துக்கிட்டாச்சா?" என்று கேட்டார். 255 எழுத்தோடு செல் நின்றுபோயிருந்தது. தமிழில் மறுப்புச் சொல் வாக்கியத்தின் வாலில்தான் உட்கார்ந்திருக்கும். வாலை நறுக்கினால் பொருளே தலைகீழாகிவிடும். கோப்பைத் தயாரித்தவன் நான்தான். எந்தக் கட்டத்திலும் ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை.

குறிப்புகள், புகார் விவரங்கள், மின்னஞ்சல் உள்ளடக்கம் போன்ற நீளமான ஃபீல்டுகளை விரிதாளுக்கு மாற்ற வேண்டியவர்கள் பெரும்பாலும் "சிஎஸ்வியா, எக்செல் கோப்பா?" என்றுதான் கேட்கிறார்கள். (சிஎஸ்வி என்பது ஃபீல்டுகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் வெறும் உரைக் கோப்பு.) நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: உரை வெட்டுப்பட்டால் நமக்குத் தெரியவருமா, தெரியாமலே போய்விடுமா? கீழே உள்ள ஐந்து வழிகளையும் நான் முக்கியமாக அந்தத் தராசில்தான் நிறுத்திருக்கிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

எவ்வளவு நீளம்? எக்செல் செல் ஒன்றில் 32,767 எழுத்துகள் கொள்ளும். கூகுள் ஷீட்ஸில் 50,000. உங்கள் ஃபீல்டின் மிக நீளமான பதிவு எவ்வளவு என்பதை ஒரு வரிக் கேள்வியில் (குவெரி) டேட்டாபேஸையே கேட்டுவிடலாம். கேட்கும்போது பைட்டுக் கணக்கையும் எழுத்துக் கணக்கையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் 'லெங்த்' பைட்டுகளைச் சொல்லும். 'சார் லெங்த்' தான் எழுத்துகளைச் சொல்லும். யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறி 3 பைட்டு பிடிக்கும் என்பதால் வித்தியாசம் மூன்று மடங்கு.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. மைஎஸ்க்யூஎல்லின் 'டெக்ஸ்ட்' வகை ஃபீல்டு அதிகபட்சம் 65,535 பைட்டு. முழுக்கத் தமிழாக இருந்தால் அதில் 21,845 குறிகளுக்கு மேல் ஏறவே ஏறாது. ஆகவே எக்செல் செல்லில் தாராளமாக அடங்கும். அதே ஃபீல்டில் ஆங்கிலம் இருந்தால் இரண்டு செல் அளவுக்குக்கூட வரலாம். 'லாங்டெக்ஸ்ட்' (4 ஜிபி வரை), போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 'டெக்ஸ்ட்' (1 ஜிபி வரை) போன்றவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

இன்னொன்று: கணினியின் எழுத்துக் கணக்கு நம் கணக்கு அல்ல. 'நாங்கள்' நமக்கு நான்கெழுத்து. கணினிக்கு ஏழு, ஏனென்றால் துணைக்காலும் புள்ளிகளும் தனித்தனிக் குறிகள். 255-ல் வெட்டும் கருவி தமிழில் நான்கைந்து வாக்கியத்திலேயே வெட்டிவிடும்.

உள்ளே என்ன இருக்கிறது? வரிமுறிவு, காற்புள்ளி, மேற்கோள்குறி, எங்கிருந்தோ ஒட்டி வந்த கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகள். நீளத்தைவிட இவைதான் கோப்புகளை அதிகம் கெடுக்கின்றன.

வாங்குபவர் என்ன செய்யப்போகிறார்? தேடுவாரா, வடிகட்டுவாரா, ஒவ்வொன்றாகப் படிப்பாரா, அச்செடுப்பாரா? எக்செலில் ஒரு வரிசையின் உயரம் 409 பாயிண்டுக்கு மேல் போகாது. வழக்கமான 15 பாயிண்டு வரிக்குக் கணக்குப் போட்டால் 27 வரி. அதற்கு மேல் உள்ளது செல்லில் இருக்கும், ஆனால் அச்சில் வராது. அச்சடித்துத்தான் படிப்பார் என்றால் 32,767 என்ற எண்ணை மறந்துவிட்டு 27 வரியையே வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே தடவையா, வாரா வாரமா? ஒரே தடவை என்றால் கையால் சரிபார்த்துவிடலாம். வாரா வாரம் போவதை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அங்கே சத்தமில்லாத வெட்டு மாதக்கணக்கில் ஓடும்.

## கோப்பு பிறக்கும் முன்பே விழும் வெட்டு

எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்தப் பகுதி பொருந்தும். பழியெல்லாம் எக்செல்மேல் போகிறது; பல சமயம் உரை அங்கே வந்து சேரும் முன்பே குறைந்துவிட்டிருக்கும்.

ஆரக்கிள் டேட்டாபேஸின் எஸ்க்யூஎல் பிளஸ் கருவியில் 'செட் லாங்' என்ற அமைப்பு உண்டு. அதன் இயல்பு மதிப்பு 80. அதை மாற்றாமல் 'சிஎல்ஓபி' என்ற நீண்ட உரை ஃபீல்டை எடுத்தால் முதல் 80 எழுத்துதான் வரும். மைஎஸ்க்யூஎல்லில் பல வரிசைகளை ஒட்டவைக்கும் 'குரூப் கான்கேட்' இயல்பாக 1,024 பைட்டில் நின்றுவிடும். எச்சரிக்கை என்று ஒன்று பதிவாகும், அதை யார் பார்க்கிறார்கள்? மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் நீண்ட உரை ஃபீல்டின்மேல் 'டிஸ்டிங்ட்', 'குரூப் பை', 'யூனியன்' போன்றவற்றைப் போட்டால் 255-ல் வெட்டும், ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அந்த ஃபீல்டைச் சிறு உரையாக மாற்றிக்கொள்கிறது. எஸ்க்யூஎல் சர்வரின் மேலாண்மைக் கருவியில் விடையைக் கட்டத்தில் பார்த்து நகலெடுப்பவர்கள், அங்கே இயல்பாகச் செல்லுக்கு 65,535 எழுத்து என்ற வரம்பு இருப்பதைக் கவனிக்க வேண்டும். 'உரையாகக் காட்டு' என்று மாற்றினால் இயல்பு வரம்பு 256 தான்.

80, 255, 256, 1,024, 32,767. இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள் (1,024 பைட்டுக் கணக்கு; தமிழில் எழுத்துக் கணக்கு அதைவிடக் குறைவாக வரும்). கடைசியில் வேலைக்கு வரும்.

## வழி 1: நேரே சிஎஸ்வி

எல்லா டேட்டாபேஸும் தரும், எல்லா நிரலும் படிக்கும், நீள வரம்பு என்று ஒன்று கிடையாது. கோப்பளவில் பார்த்தால் இதுதான் மிக நேர்மையான வழி: உரை முழுசாக அதில் இருக்கும். சிக்கல் திறக்கும்போதுதான் ஆரம்பிக்கிறது.

2005-இல் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் சிஎஸ்விக்கு ஒரு வழக்கத்தை எழுதி வைத்தது. வரிமுறிவோ காற்புள்ளியோ உள்ள ஃபீல்டை மேற்கோளுக்குள் வை. உள்ளே மேற்கோள் வந்தால் அதை இரட்டிப்பாக்கு. எக்செல் இதைப் புரிந்துகொள்ளும். போஸ்ட்கிரெஸின் 'காப்பி' கட்டளையும் சிஎஸ்வி கேட்டால் இப்படியே எழுதும். மைஎஸ்க்யூஎல்லின் 'இன்டு அவுட்ஃபைல்' அப்படியல்ல. சும்மா விட்டால் டேப்பால் பிரித்து, மேற்கோள் போடாமல், வரிமுறிவுக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு வைக்கும். எக்செலுக்குப் பின்சாய்கோடு வெறும் எழுத்து. விளைவு, மூன்று பத்தி உள்ள ஒரு புகார் மூன்று வரிசையாக உடைந்து, நான்காவது நெடுவரிசையில் இருக்க வேண்டிய தேதி இரண்டாவது நெடுவரிசையில் வந்து நிற்கும். பிரிப்பான், மேற்கோள், தப்புக்குறி (சிறப்புக் குறிக்கு முன்னால் வைக்கும் அடையாளம்) மூன்றையும் நீங்களே வெளிப்படையாகச் சொன்னால்தான் சரியாக வரும்.

அப்புறம் மறைமுகச் செலவுகள். யூடிஎஃப்-8 கோப்பின் தலையில் பிஓஎம் என்ற அடையாளக்குறி இல்லாவிட்டால், இரட்டைச் சொடுக்கில் திறக்கும் எக்செல் தமிழைக் கொத்துக்கறியாக்கக் கூடும். முன்பூஜ்யங்கள் மறையும், தேதி போலத் தெரிவதெல்லாம் தேதியாகும். '=', '+', '-', '@' என்ற குறிகளில் தொடங்கும் உரையை எக்செல் சூத்திரமாக எடுத்துக்கொள்ளப் பார்க்கும். கோடு போட்டுக் குறிப்பு எழுதுபவர்களின் பதிவுகள் பிழைக்குறியாக மாறுவது இதனால்தான். வெளியார் எழுதிய உரை என்றால் இது பாதுகாப்புப் பிரச்சினையும்கூட. வேண்டுமென்றே சூத்திரத்தை எழுதி அனுப்ப முடியும்.

32,767-ஐத் தாண்டிய ஃபீல்டு இருந்தால், எக்செல் மிச்சத்தை அடுத்த வரிசைக்குள் வழிய விட்டுவிடும், கட்டங்கள் குலையும். அசிங்கம்தான். ஆனாலும் பார்த்தவுடன் தெரிகிற அசிங்கம். என் கணக்கில் அது ஒரு நற்குணம்.

எப்போது நல்லது: கோப்பை இன்னொரு நிரல் படிக்கப்போகிறது, அல்லது வாங்குபவர் 'டேட்டா' தாவலில் இறக்குமதி செய்யத் தெரிந்தவர்.

## வழி 2: நிரல்வழி எக்ஸ்எல்எஸ்எக்ஸ்

பைத்தான், ஜாவா போன்றவற்றின் நூலகங்கள் மூலம் நேரே எக்செல் கோப்பை எழுதுவது. குறிமுறைக் குழப்பம் கிடையாது, வரிமுறிவு பத்திரம், பூஜ்யமும் தேதியும் நீங்கள் சொன்னபடி. சாதாரணப் பயனருக்கு அனுப்ப இதைவிட வசதியான வழி இல்லை.

ஆனால் நூலகத்துக்கு நூலகம் குணம் வேறு. 32,767-ஐத் தாண்டிய உரையைக் கொடுத்தால்:

பைத்தானின் ஓப்பன்பைஎக்செல் வாயே திறக்காமல் வெட்டிவிடும். எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டரும் வெட்டும், ஆனால் -2 என்ற விடையைத் திருப்பித் தரும். அந்த விடையை வாங்கிப் பார்க்கும் நிரலை நான் அதிகம் கண்டதில்லை. ஜாவாவின் அப்பாச்சி பிஓஐ மட்டும், அதிகபட்சம் 32,767 என்று பிழை எறிந்து வேலையை நிறுத்திவிடும். நள்ளிரவில் ஓடும் நிரல் நின்றுபோனால் எரிச்சல் வரும், தெரியும். இருந்தாலும் மூன்றில் பிஓஐ நடந்துகொள்வதுதான் சரி. மற்ற இரண்டைப் பயன்படுத்தினால், எழுதும் முன் நீளத்தைப் பார்க்கும் நான்கு வரியை நீங்களே சேர்த்துவிடுங்கள்.

கட்டுப்பாட்டுக் குறிகள் விஷயத்தில் மட்டும் ஓப்பன்பைஎக்செல் கறார். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் உள்ளுக்குள் எக்ஸ்எம்எல் என்ற உரை வடிவம்தான். அதில் சில குறிகளுக்கு அனுமதியே இல்லை. அப்படி ஒன்று வந்தால் பிழை எறியும். ஐம்பதாயிரம் வரிசையில் ஒரே ஒரு பதிவில் ஒளிந்திருக்கும் அந்தக் குறிக்காக முழு ஏற்றுமதியும் நிற்கும்போது கோபம் வரத்தான் செய்யும். எழுதும் முன் அவற்றைக் களைந்துவிட்டால் தீர்ந்தது. '=' இல் தொடங்கும் உரையை இந்த நூலகங்களும் சூத்திரமாக எழுதக்கூடும்; உரை என்றே எழுதச் சொல்லும் வசதி இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தோற்றத்தில் ஒரு அறிவுரை: நீண்ட உரைக்கு 'மடித்துக் காட்டு' அமைப்பைப் போட்டு உயரத்தை எக்செலிடம் விட்டால், ஒரு வரிசையே திரை முழுதும் நிற்கும், உருட்டினால் ஒரேயடியாகத் தாவும். மேல்பக்க ஒழுங்கு, நிலையான உயரம், முழுசாகப் படிக்கச் சூத்திரப் பட்டை. இந்தக் கூட்டணிதான் கண்ணுக்கு இதம்.

எப்போது நல்லது: வாரா வாரம் போகும் அறிக்கை, தொழில்நுட்பம் தெரியாத வாசகர், மிக நீளமான பதிவும் வரம்புக்குள்.

## வழி 3: எக்செலிலிருந்தே நேரடி இணைப்பு

பவர் குவெரி மூலமாக எக்செலே டேட்டாபேஸில் போய் எடுத்துக்கொள்ளும். கோப்பு, குறிமுறை, மேற்கோள் என்ற தலைவலிகள் ஒட்டுமொத்தமாகப் போய்விடும். 'புதுப்பி' அழுத்தினால் புதுத் தரவு.

ஆனால் பவர் குவெரிக்குள் உரை 32,767-ஐவிட நீளமாக இருக்கலாம். தாளில் இறக்கும்போதுதான் அந்த அளவுக்கு வெட்டுப்படும். சத்தம் கிடையாது. முன்னோட்டத்தில் முழுசாகப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஏமாறும் இடம் இது. குவெரியிலேயே ஒரு நெடுவரிசை சேர்த்து நீளத்தைக் கணக்கிட்டு வைத்தால் தப்பிக்கலாம்.

பயனருக்கு டேட்டாபேஸ் அனுமதி வேண்டும், எக்செலை அதோடு இணைக்கும் இயக்கி மென்பொருள் வேண்டும். அந்தக் கோப்பை அவர் இன்னொருவருக்கு அனுப்பினால் அங்கே புதுப்பிக்க முடியாது. ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் எல்லா நீண்ட உரையும் மறுபடி இழுக்கப்படும். வேலை நேரத்தில் ஐந்து பேர் அழுத்தினால் டேட்டாபேஸ் நிர்வாகி உங்களைத் தேடி வருவார்.

எப்போது நல்லது: உள்ளேயே இருக்கும், அனுமதி உள்ள, தினமும் புதுத் தரவு கேட்கும் ஓரிருவர்.

## வழி 4: துண்டு போடுதல்

வரம்பைத் தாண்டிய உரையை 'விவரம் 1', 'விவரம் 2' என்று பக்கத்து செல்களில் பிரித்து வைப்பது. அல்லது பதிவு எண், துண்டு எண் என்று கீழ்க்கீழ் வரிசைகளில். ஒரே கோப்பில் ஒரு எழுத்துகூடக் குறையாமல் இருக்க வேண்டும் என்றால் இதுதான் வழி.

வெட்டும் இடம் முக்கியம். 30,000 எண்ணிக் கண்மூடித்தனமாக வெட்டினால் 'கு' என்பது 'க' ஆக இங்கேயும், உகரக்குறி அனாதையாக அடுத்த செல்லின் தொடக்கத்திலும் நிற்கும். அந்தக் குறி புள்ளி வட்டத்தோடு பல்லிளிக்கும். வரம்புக்குச் சற்று முன்னால் இருக்கும் இடைவெளியையோ வரிமுறிவையோ தேடி அங்கே வெட்டுங்கள்.

இரண்டு துண்டுக்கு நடுவே விழுந்த சொற்றொடர் தேடலில் சிக்காது. கீழ்க்கீழ் வைத்தால் யாராவது ஒருமுறை வரிசைப்படுத்தியதும் துண்டுகள் சிதறும், பதிவுகளின் எண்ணிக்கையும் கூடுதலாகத் தெரியும். பக்கத்துப் பக்கத்து செல்களே மேலானவை. செல்களை எக்செலிலேயே ஒட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள்: ஒட்டிய விடை 32,767-ஐத் தாண்டினால் 'டெக்ஸ்ட்ஜாயின்' பிழைதான் தரும்.

எப்போது நல்லது: தணிக்கை, வழக்கு போன்ற, முழுமை தப்பக் கூடாத தேவைகள், நீளம் தாண்டிய பதிவுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு மட்டும் இருக்கும்போது.

## வழி 5: சுருக்கமும் இணைப்பும்

செல்லில் முதல் 300 எழுத்து, பக்கத்தில் முழு உரைக்கான இணைப்பு. முழு உரை பதிவு எண்ணைப் பெயராகக் கொண்ட தனிக் கோப்பில், அல்லது உள் இணையப் பக்கத்தில்.

படிக்க இதுதான் சுகம். விரிதாள் இலேசாக இருக்கும், வடிகட்டலாம், வேண்டியதை மட்டும் திறந்து படிக்கலாம். வெட்டு இங்கேயும் உண்டு, ஆனால் நாமே அறிவித்துச் செய்யும் வெட்டு. அந்த 300-க்குப் பின்னால் '… (தொடர்கிறது)' என்று கட்டாயம் போடுங்கள். அதைப் போடாவிட்டால் என் புகார்ப் பதிவின் கதைதான்.

இணைப்புகள் எளிதில் அறுபடும். கோப்புறையை விட்டுவிட்டு விரிதாளை மட்டும் அனுப்பினால் போச்சு. ஜிப் கோப்பை விரிக்காமல் உள்ளேயே திறந்தாலும் போச்சு. ஒரு தாளில் 65,530 இணைப்புகளுக்கு மேல் எக்செல் ஏற்காது. முழு உரையில் தேடவும் முடியாது.

எப்போது நல்லது: ஒவ்வொரு பதிவும் பல பக்கம், வாசகர் தேர்ந்தெடுத்துப் படிப்பவர்.

(ஆறாவதாக ஒரு குறுக்குவழி உண்டு: எச்டிஎம்எல் அட்டவணையை எழுதி அதற்கு எக்ஸ்எல்எஸ் என்று பெயர் வைப்பது. திறக்கும்போதே வடிவமும் பெயரும் பொருந்தவில்லை என்று எக்செல் எச்சரிக்கும். வரிமுறிவுகள் தனித்தனி செல்லாகாமல் இருக்கத் தனி வித்தை வேண்டும். பழைய அமைப்புகளில் இருந்தால் இருக்கட்டும், புதிதாகத் தொடங்காதீர்கள்.)

## ஒரே பார்வையில்

| வழி | 32,767-ஐத் தாண்டினால் | இழப்பு தெரியுமா? | பெரிய மறைமுகச் செலவு |
|---|---|---|---|
| சிஎஸ்வி | கோப்பில் முழுசு. எக்செலில் கட்டம் குலையும் | தெரியும் | திறப்பவரின் பழக்கம் |
| எக்ஸ்எல்எஸ்எக்ஸ் | நூலகத்தைப் பொறுத்து வெட்டு அல்லது பிழை | பிஓஐயில் தெரியும், மற்றவற்றில் நீங்கள் பார்த்தால்தான் | நிரலைப் பராமரிப்பது |
| நேரடி இணைப்பு | தாளில் வெட்டு | தெரியாது | அனுமதி, டேட்டாபேஸ் சுமை |
| துண்டு போடுதல் | அடுத்த செல்லுக்குப் போகும் | இழப்பில்லை | தேடல், வரிசைப்படுத்தல் |
| சுருக்கம் + இணைப்பு | கவலையில்லை | அறிவித்த வெட்டு | இணைப்பு அறுபடுதல் |

## நான் செய்வது

பெரும்பாலான வேலைகளுக்கு வழி 2 எடுத்து, தாண்டிய பதிவுகளுக்கு மட்டும் வழி 5-ஐக் கலந்துகொள்கிறேன். அதாவது அடங்கும் உரை முழுசாக செல்லில். அடங்காதது சுருக்கமாக, இணைப்போடு. தனித் தாளில் அந்தப் பதிவு எண்களின் பட்டியல். அடங்காதவை நூற்றுக்கணக்கில் வந்தால், கேட்டவர் விரிதாள் கேட்டது சரிதானா என்று திரும்பக் கேட்பேன். தரவு மறுபடி இன்னொரு டேட்டாபேஸுக்குள்ளேயே போகப்போகிறது என்றால் நடுவில் எக்செலைத் திறக்கவே விடாதீர்கள். சிஎஸ்வி நேரே அங்கே போகட்டும்.

எந்த வழியானாலும் ஒரு சரிபார்ப்பை விடுவதில்லை. ஏற்றுமதிக் கேள்வியிலேயே உரைக்குப் பக்கத்தில் அதன் எழுத்து நீளத்தையும் ஒரு நெடுவரிசையாக எடுத்துவிடுகிறேன். மூல ஃபீல்டின் நீளம் அது. இழுக்கும் கருவி உரையை வெட்டினாலும் இந்த எண் மாறாது. கோப்பு கையில் வந்ததும் எக்செலின் 'லென்' கணக்கை அதற்குப் பக்கத்தில் போட்டு இரண்டையும் கழித்துப் பார்க்கிறேன். இமோஜி இருந்தால் எக்செல் ஒன்றை இரண்டாக எண்ணக்கூடும், வரிமுறிவு இரண்டு குறியிலிருந்து ஒன்றாகச் சுருங்கியிருக்கலாம். அதனால் சில்லறை வித்தியாசம் வரும், பரவாயில்லை. ஆயிரக்கணக்கில் வந்தால் நிறுத்திவிட வேண்டும். அதோடு 'லென்' நெடுவரிசையை வடிகட்டி 80, 255, 256, 1,024, 32,767 என்ற எண்களைத் தேடுங்கள். ஏதோ ஒரு பதிவு தற்செயலாக 255 எழுத்தில் முடியலாம். நாற்பது பதிவு அப்படி முடியாது.